சம்பங்கோரை இலைக்குள் ஒரு ஜன்னல்

அந்தக் காலத்தில், புல்லும் பூச்சியும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஏரியோரச் சேற்றில் சின்ன அந்துப்பூச்சி ஒருத்தி இருந்தாள். சின்னவள் என்றால் அரிசிமணி அளவுகூட இருக்கமாட்டாள். ஆனால் இறக்கையில் தங்கச் சரிகை ஓடும். அதனால் எல்லோரும் அவளைச் சரிகையாள் என்றே கூப்பிட்டார்கள்.

அழகு இருந்து என்ன செய்ய? அவள் இலைமேல் இட்ட முட்டைகளில் பாதியை மழை அடித்துக்கொண்டு போனது. மிச்சம் பொரித்துப் புழுவானதும் குருவி கொத்திப் போனது. கடைசியில் அவள் வயிற்றில் ஒரே ஒரு முட்டைதான் பாக்கி. அதையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று இடம் தேடிப் புறப்பட்டாள்.

தாமரையிடம் போனாள். தன் இலையில் தண்ணீரையே ஒட்ட விடாத தாமரை, முட்டையையா ஒட்ட விடும்? முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அல்லி, யோசித்துச் சொல்கிறேன் என்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? சரிகையாளுக்கும் தெரிந்தது.

சேற்றில் ஆளுயரத்துக்கு நின்ற சம்பங்கோரைதான் அவள் சொன்னதை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டது.

"இலைமேல இருந்தா குருவி விடாது. பிள்ளைய உள்ள வரச்சொல்லு. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவுல இருக்கிற பச்சையத் தின்னு வளரட்டும். ஆனா ஒண்ணு. என் வேரு சேத்துக்குள்ள கிடக்கு. அதுக்கு மூச்சு இந்த இலை வழியாத்தான் இறங்குது. தோலு கிழிஞ்சு தண்ணி உள்ள போனா நான் அழுகிப்போவேன். நான் பச்சையா இருக்கிற வரைக்கும் தோல்ல ஓட்டை விழக்கூடாது."

சரிகையாள் வாக்குக் கொடுத்தாள். முட்டையை இலையோடு ஒட்டி வைத்தாள். மகள் பொரித்ததும் முட்டையின் அடிவழியாகவே இலைக்குள் இறங்கினாள். நுழைந்த துளைக்குக் காலி ஓடே மூடியாகிவிட்டது.

உள்ளே இடம் எவ்வளவு இருக்கும்? இரண்டு காகிதத்துக்கு நடுவே குடியிருப்பது மாதிரிதான். நிமிர்ந்தால் தோல் புடைத்தது. காலை ஊன்றினால் தோலைக் கீறியது. அந்தச் சின்ன ஜீவன் தலையைத் தட்டையாக்கிக்கொண்டது. கால்களே வேண்டாம் என்று உதறிவிட்டது. எனக்கு இதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. வாடகைக்கு வந்த இடத்தில் ஆணி அடிக்காமல் இருக்கவே நமக்கு வருவதில்லை.

அவள் தின்றுகொண்டே போன வழி வெளியே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கோடு நீள நீள, மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தாய்க்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஏரி ஏறி இலையை நெருங்கிக்கொண்டிருந்தது. சரிகையாளுக்கு இறக்கை நைந்து, பறப்பதே பாடாகிவிட்டது. மகளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. மகளோ உள்ளிருந்து, இலை காய்ந்ததும் தோலைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிறேன், அதற்குள் தூங்கி எழுந்து இறக்கையும் வாங்கியிருப்பேன் என்றாள்.

தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நாள் பிழைத்த பிள்ளை அவளுக்கு வேறு இல்லை. அதனால் இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை.

"ரெக்கை வந்தா பல்லு போயிடும்டி. எனக்குப் பல்லு எங்க இருக்கு? எதை வச்சுக் கடிப்ப? உள்ளேயே செத்துப்போவ. இப்பவே கடிச்சு வழி பண்ணிக்க. சம்பங்கோரை அக்கா கால்ல நான் விழுந்துக்கிறேன்."

மகள் தலையைத் தோலோடு சேர்த்து வைத்தாள். பிறகு கொறிக்கும் சத்தம் கேட்டது. சம்பங்கோரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் வட்டமாகக் கொறித்தாள். பச்சை போயிற்று, நார் போயிற்று, கடைசித் தோல் மட்டும் மிஞ்சியது. இன்னும் ஒரு கடி கடித்தால் வெளியே வந்துவிடலாம். அங்கே நிறுத்திக்கொண்டாள். கண்ணாடி போலிருந்த அந்தத் தோல் வழியாக முதல்முறை வெளிச்சம் உள்ளே வந்தது. வெளியே தாயின் முகம் வந்து ஒட்டியது.

"நீ இவ்வளவு அழகாம்மா," என்றாள் மகள். "எனக்கும் இந்தச் சரிகை வருமா?"

"வரும்," என்றாள் தாய்.

அன்று சாயங்காலமே அவள் தண்ணீரில் விழுந்துவிட்டாள். வெள்ளம் இலையை முழுசாக மூடியது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

கோடையில் ஏரி வடிந்து, இலை பழுத்துக் காய்ந்தது. உறங்கி எழுந்த மகள், பல்லில்லாத வாயும் புது இறக்கையுமாக ஜன்னலில் தலையை வைத்து முட்டினாள். அது அப்பளமாக நொறுங்கியது. வெளியே வரவேற்க யாரும் இல்லை. ஆனால் இறக்கையில் சரிகை இருந்தது. அவள் ஒரு துணையைத் தேடிக்கொண்டு, முட்டையிட அதே சம்பங்கோரையின் புது இலைக்கு வந்தபோது, அது நிபந்தனை எதுவும் சொல்லவில்லை.

அன்று தொடங்கித்தான், அந்தக் குலத்துப் புழுக்கள் எல்லாம் பல் இருக்கும்போதே, பல்லில்லாத நாளுக்காக, ஒற்றைத் தோலை மட்டும் மிச்சம் வைத்து ஜன்னல் கொறித்துவிட்டுத் தூங்கப் போகின்றன.