காற்று இறங்காத டயர்

நாமக்கல் பக்கத்தில் ஒரு கரட்டு அடிவாரத்தில் தெய்வானையம்மா என்றொரு துறவி இருந்தார். வயது நாற்பதுதான். அவருடைய சீடர் செல்லமுத்துவுக்கோ அறுபது. லாரி கம்பெனி முதலாளி, பேரன் பேத்தி எடுத்தவர். ஆனாலும் அம்மா முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகட்டித்தான் நிற்பார்.

அன்றைக்கு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய அப்பா ராக்கியண்ணன் காலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. அப்பா முதன்முதலில் வாங்கிய லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கம்பெனி வாசலில் மேடை கட்டி ஏற்றியாயிற்று. நல்ல நேரம் முடிவதற்குள் அம்மா விளக்கேற்றித் திறந்து வைக்க வேண்டும். அம்மாவைக் காரில் அழைத்து வந்தவர் வழியெல்லாம் வாய் மூடவில்லை.

"செருப்பில்லாத காலோட வீட்ட விட்டு வந்தவருங்கம்மா எங்கப்பா. கிளீனரா சேர்ந்தாரு. மழை பெஞ்சா வண்டிக்கு அடியில தூக்கம். அப்புறம் காயலாங்கடைக்குப் போக இருந்த லாரிய வாங்கி, அவரே பிரிச்சு அவரே மாட்டினாரு. இன்னைக்கு எங்க குடும்பம் திங்கற சோறு அந்த வண்டி போட்டதுங்க!"

வாசலில் நாதஸ்வரம் ஒலித்தது. உறவும் ஊரும் நாற்காலிகளில் நிறைந்திருந்தன. செல்லமுத்து மேடை ஓரத்தில் அம்மாவை நிறுத்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. அப்பா இன்னைக்கு வருவாருங்களா? ஒரு வருசமா கனவுலகூட வரலீங்க. அவரு வரோணும்னுதானுங்க இத்தனையும் பண்ணினேன்."

"வந்தா மொதல்ல என்ன பண்ணுவாருங்க?"

செல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டயரத் தட்டுவாருங்க! விடிஞ்சதும் ஜாக்கி ராடை எடுத்துக்கிட்டு, கெளம்பற வண்டி டயரு பூராத்தையும் தட்டித் தட்டிக் காது குடுத்துக் கேப்பாரு. அந்தப் பழக்கம் எங்கேயும் விடாதுங்க. சந்தையில பானையத் தட்டுவாரு. என் கல்யாணத்துல பந்தக்காலையே தட்டிப் பாத்தாருங்கம்மா!"

அந்த ராடு மேடை லாரியின் பம்பரில் மல்லிகைச் சரம் சுற்றிக் கட்டியிருந்தது. அம்மா அதை அவிழ்த்து எடுத்தார். முன் டயரில் ஒரு தட்டு தட்டினார்.

டொக்.

"என்னங்க, கருங்கல்லைத் தட்டின மாதிரி இருக்குது?"

"உள்ள சிமென்ட் ஊத்திட்டமுங்க," என்றார் செல்லமுத்து பெருமையாக. "நின்ன எடத்துலயே காத்து எறங்கி வண்டி சாஞ்சிடக் கூடாதுல்லீங்க? இனி எந்தக் காலத்துக்கும் இப்படியே நிக்கும்."

அம்மா ராடை அவர் கையில் கொடுத்தார்.

"காத்து இருக்கற டயரு எப்படிச் சத்தம் போடும்? நான் கேட்டதில்லீங்க."

சொன்னதுதான் தாமதம், செல்லமுத்து மேடையிலிருந்து இறங்கிவிட்டார். பக்கத்திலேயே பெங்களூருக்கு முட்டை ஏற்றிய லாரி ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் மாதேஸ் சீட்டில் இருந்தான்.

முன் டயர். டங்! "கேட்டீங்களாம்மா? ராடு எப்படித் துள்ளுது பாருங்க!" அடுத்தது. டங்! பட்டு வேட்டி தடுக்கத் தடுக்கப் பின்னால் ஓடினார். "பின்னாடி ரெட்டைச் சக்கரமுங்க. உள் டயரு கண்ணுக்குத் தெரியாது. காதாலதான் பாக்கோணும்."

தொப்.

சிரிப்பு நின்றது. மறுபடி தட்டினார். தொப்.

"டேய் மாதேசு! எஞ்சினை நிறுத்துடா! தட்டிப் பாத்தியா நீ?"

"விழாப் பரபரப்புல பாக்கலீங்க..."

"உள் டயரு செத்துக் கெடக்குது! இதை வெச்சுக்கிட்டா தொப்பூர் மலை ஏறப் போற? முட்டை போனா மசுராச்சு. உனக்கு ஒண்ணு ஆனா உம் பொண்டாட்டி மூஞ்சியில நான் எப்படிடா முழிப்பேன்? எறங்குடா கீழ!"

நாதஸ்வரம் பாதியில் நின்றது. மாதேஸ் குதித்து இறங்கினான். அவன் தோள் துண்டு தானாக அக்குளுக்குப் போனது. முதலாளியை ஏற இறங்கப் பார்த்தான். பந்தலில் இருந்த, ராக்கியண்ணன் காலத்துப் பழைய டிரைவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்றுவிட்டார்கள்.

செல்லமுத்து எதையும் கவனிக்கவில்லை. வேட்டியை வரிந்து கட்டி, ஜாக்கியை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். அப்புறம் அங்கே ஒரே கூத்துதான். வாழ்த்திப் பேச வந்தவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், சம்பந்தி ஸ்டெப்னி உருட்டினார். அடியிலிருந்து அதட்டல் வந்துகொண்டே இருந்தது. சக்கரம் மாட்டி முடிந்ததும் முட்டை லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. விசில்கூடப் பறந்தது.

செல்லமுத்து முழங்காலைப் பிடித்தபடி எழுந்து நின்றார். முகமெல்லாம் கிரீஸ். அப்போதுதான் மேடையில் ஏற்றாத விளக்கைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"அம்மா, நல்ல நேரம் போயிருச்சுங்களே. இனி அப்பா எங்கீங்க வரப் போறாரு?"

தெய்வானையம்மா செல்லமுத்துவின் மனைவி பக்கம் திரும்பினார்.

"இப்பத்தானுங்க வண்டிக்கு அடியில இருந்து எந்திரிச்சு வந்தாரு," என்றார். "கை கழுவத் தண்ணி குடுங்க."