நூலை வளைத்த புழு

கிட்ட வந்து உட்காருங்கள். இது முட்டைக்குள் நடந்த கதை, சத்தம் போட்டுச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில், பறவையும் புழுவும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், முதல் மரங்கொத்தி இலுப்பை மரப் பொந்தில் முதல் முட்டையை இட்டாள். உள்ளே குஞ்சுக்குக் கால் வந்தது, சிறகு வந்தது. அலகு மட்டும் வரவில்லை.

"அம்மா, மூச்சு முட்டுது. ஓட்டை உடைக்க வாயில ஒண்ணுமே இல்லையே!"

"நான் கொத்தினா ஓட்டோட உன் மண்டையும் போயிருமேடா" என்று தாய் தவித்தாள். மரப்பட்டையில் மயிரிழை கனத்தில் ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. "ஏய், ஓட்டுல இருக்கிற பொடித் துளையில நுழைஞ்சு என்னன்னு பார்க்கிறியா?"

"பார்க்கிறேன் அக்கா. வெளியே வந்ததும் தின்னுருவியா?"

"பிள்ளை பிழைச்சா தொடமாட்டேன். பிழைக்கலைன்னா சொல்ல முடியாது."

"நல்ல நியாயம்!" என்றபடி புழு உள்ளே போனது.

எந்த உயிருக்குள்ளும் ஒரு நூல் உண்டு. எதை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அப்போது அது துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்து நேராகக் கிடந்தது. ஒவ்வொரு உறுப்புக்கும் அந்த நூலில் செய்யச் சொல்லி ஏவ ஒருவரும், அதைக் கேட்டுச் செய்ய ஒருவரும் உண்டு. காலுக்கும் சிறகுக்கும் ஏவுகிறவர்கள், செய்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அலகுக்குத்தான் தூரம். ஒரு கோடியில் ஏவுகாரன், "அலகு செய்!" என்று கத்திக்கொண்டிருந்தான். மறுகோடியில் அலகு செய்கிற வனைகாரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, அவர் அலகு செய்யச் சொல்றாரு" என்று வனைகாரியிடம் போய்ச் சொன்னது புழு.

"அவரே வந்து காதுல சொல்லட்டும். வழியில போறவன் பேச்சைக் கேட்டா குஞ்சுக்கு நெத்தியில வால் முளைக்கும்."

ஏவுகாரனோ, "இடத்தை விட்டு எழுந்தா நான் ஏவுகாரனே இல்லை" என்றான்.

"அப்ப நூல்தான் வரணும்" என்று புழு நடுவில் பிடித்து இழுத்தது. நூல் விசிறி அடித்தது. புழு போய் ஓட்டில் மோதி விழுந்தது.

"ஊதினா பறக்கிறவன் நூலை வளைக்க வந்துட்டான்!" என்று சிரித்தான் ஏவுகாரன்.

குஞ்சின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது. புழுவுக்கு நூலில் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் வயிற்றால் தடவிப் பார்க்கத் தெரியும். நூல் நெடுகப் படுத்து ஊர்ந்தது. "இங்கே விறைக்குது. இங்கேயும் விறைக்குது. ஆங், இங்கே தானாவே ஒரு பக்கம் சாயுது!"

சாய்ந்த இடத்துக்கு இந்தப் பக்கம் தலையை வைத்தது, அந்தப் பக்கம் வாலை வைத்தது, முதுகைத் தூக்கி வளைத்தது. நூல் முரண்டு பிடிக்காமல் கூடவே வளைந்தது. இரண்டு கோடியும் முகத்துக்கு முகம் வந்தன.

"அலகு செய்" என்று ஏவுகாரன் மெதுவாகச் சொன்னான்.

"இதுக்கா இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினீரு?" என்று வனைகாரி வேலையில் இறங்கினாள்.

டொக், டொக். ஓடு பிளந்தது. குஞ்சு வாய் பிளந்து மூச்சு வாங்கியது.

"வெளியே வாப்பா, தொடமாட்டேன்!" என்றாள் தாய்.

புழு வரவில்லை. பிடியை விட்டால் நூல் நிமிர்ந்துவிடும். குஞ்சுக்கு அலகு இன்னும் நீள வேண்டும், உறுதி வாங்க வேண்டும். புழு யோசித்து, தன் தோலைச் சட்டை போல உரித்து, அந்த வளைவிலேயே இறுக்கிக் கட்டிவிட்டுப் புதுத்தோலோடு வெளியே வந்தது. அன்று முதல்தான் எந்த உயிரின் நூலிலும் சாய்கிற இடம் பார்த்து வளைத்துப் பிடிக்க ஒரு குட்டிப் பிடி இருக்கிறது. அந்தப் புழுவும் தலையும் வாலும் தொடும்படி முதுகை வளைத்து வளைத்தே நடக்கிறது.