கொம்பையா சொல்ல வேண்டிய வாக்கியம்

"மேடம், உனக்குக் கால் திரும்ப வராதுன்னு ஒருத்தன்கிட்ட எப்படிச் சொல்றது?"

கேட்டவர் கொம்பையா. வயது நாற்பத்தேழு. ராணுவ மருத்துவப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கி, இப்போது மறுவாழ்வு ஆலோசனையில் முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கிறார். விபத்திலோ நோயிலோ உடம்பு முடங்கிப்போனவர்களோடு உட்கார்ந்து, மிச்ச வாழ்க்கையை எப்படி நடத்துவது என்று சேர்ந்து யோசிக்கிற வேலை. அதற்கான படிப்பு.

அவருடைய ஆசிரியை ஷாஹிதாவுக்கு வயது முப்பத்துநான்கு. பத்தொன்பது வயதில் ஒரு கார் விபத்து. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

"யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார் ஷாஹிதா.

"சுடலைமணிகிட்ட."

சுடலைமணி காற்றாலையில் பழுது பார்த்தவன். இருபத்தாறு வயது. ஏணியில் பாதி தூரம் இறங்கும்போது பிடி நழுவிவிட்டது. முதுகெலும்பு ஒடிந்து, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போனது.

கொம்பையா பயிற்சிக்குப் போகிற மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம்தான் கட்டில் தருவார்கள். இரண்டு முடிந்துவிட்டது.

அவனுக்கென்று வந்த சக்கர நாற்காலியில் அவன் ஒருநாளும் உட்காரவில்லை. "நடக்கப் போறவனுக்கு இது எதுக்கு?" என்பான். அவன் அம்மா பேச்சியம்மாள் அதில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். படுத்தே கிடந்ததில் அவன் முதுகில் புண் வந்துவிட்டது.

"டாக்டர் சொல்லலையா?"

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டாரு. அவன்கிட்ட சொல்லப் போனா அந்தம்மா வாசல்லயே மறிச்சிக் கால்ல விழுந்துருது. எம்புள்ள செத்துருவான்னு அழுது. எங்க எல்லார்கிட்டயும் கையைப் புடிச்சிச் சத்தியம் வாங்கியிருக்கு."

"அவன் கேக்கிறானா?"

"தெனமும் கேக்கான்."

"உங்ககிட்டயா?"

"என்கிட்டயும்தான்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

கொம்பையா தரையைப் பார்த்தார்.

"பார்க்கலாம்னு."

ஷாஹிதா நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்.

"என்கிட்ட சொல்லுங்க."

"என்னது மேடம்?"

"அவன்கிட்ட சொல்ல வேண்டியதை. நான்தான் சுடலைமணி. சொல்லுங்க."

கொம்பையா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் காலைப் பார்த்தார். தேய்மானமே இல்லாத செருப்பு.

"அறிவியல் இப்ப ரொம்ப வளர்ந்துட்டு. வெளிநாட்டுல எல்லாம் என்னென்னமோ கண்டுபிடிக்காங்க. அதனால நாம..."

"நான் அறிவியலைப் பத்திக் கேக்கலை. நாளைக்கு வாங்க."

மறுநாள் கொம்பையா ஒரு காகிதத்தோடு வந்தார். இந்த மாதிரி அடிபட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை பேர் எழவில்லை என்று நூலகத்தில் உட்கார்ந்து குறித்திருந்தார். அதை வாசித்தார்.

ஷாஹிதா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இந்த நூறுல நான் எங்க இருக்கேன்?"

கொம்பையா காகிதத்தைப் புரட்டினார். அதில் இல்லை.

"நாளைக்கு வாங்க."

மூன்றாம் நாள் அவர் விறைப்பாக வந்து நின்றார். பட்டாளத்துக் குரல் வந்தது.

"நீ இனி நடக்க மாட்டே. அவ்வளவுதான். அதுக்காக இடிஞ்சு உக்காந்தா ஆச்சா? அடுத்த வேலையைப் பாரு!"

வராந்தாவில் போன யாரோ நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

"யாருக்குப் பயந்து கத்துறீங்க?" என்றார் ஷாஹிதா.

நின்றபடி இருந்த கொம்பையா மெதுவாக உட்கார்ந்தார்.

"மலைமேல ஒரு முகாம் மேடம். பனி. எங்க பட்டாளத்துல ஒரு பையன், தேனிக்காரன். வயித்துல அடி. ஹெலிகாப்டர் வர வழியில்லை. நான் பொழைப்பேனா அண்ணேன்னு கேட்டான். உனக்கு ஒண்ணுமில்லடான்னேன்."

"ம்."

"வீட்டுக்காரிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்ணேன்னு ஆரம்பிச்சான். பேசாதடா, மூச்சு வாங்கும், நீயே போய்ச் சொல்லலாம்னு வாயைப் பொத்துனேன். இந்தக் கையாலதான்."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார்.

"விடியறதுக்குள்ள போயிட்டான். பெட்டியோட அவன் ஊருக்கு நான்தான் போனேன். அந்தப் பொண்ணு கேட்டுது, கடைசியா எதாவது சொன்னாரான்னு."

ஷாஹிதா ஆறுதல் சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார். ஷாஹிதாவோ மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் குடித்து முடித்ததும், "நாளைக்கு வாங்க," என்றார்.

நான்காம் நாள் கொம்பையா கையில் எதுவும் இல்லை. ஸ்டூலை இழுத்து, ஷாஹிதாவின் கண்ணுக்குச் சமமாக உட்கார்ந்தார்.

"உங்க கால் திரும்ப வராது," என்றார். "இனி நீங்க நடக்க மாட்டீங்க."

அதற்குமேல் அவர் எதுவும் சேர்க்கவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை.

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. ஷாஹிதாவின் கண் நிறைவதைக் கொம்பையா பார்த்தார். பயந்துபோனார்.

"மேடம், நான் எதும் தப்பா..."

"இல்லை." ஷாஹிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பதினஞ்சு வருஷம் ஆச்சு. கேரளா வைத்தியம், ஹைதராபாத் வைத்தியம், தர்கா தர்காவா நேர்ச்சை. வாப்பா சாகிற அன்னைக்குக்கூட அடுத்த பெருநாளுக்கு நீ நடப்பேம்மான்னுதான் சொன்னாங்க. இந்த வாக்கியத்தை என்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை."

"பின்னே எப்படி மேடம் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"தனியா."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். நீங்க சொல்றதுல அவருக்குச் சம்மதம். அந்த அம்மாகிட்ட முதல்ல சொல்லிட்டு உள்ளே போங்க."

பேச்சியம்மாள் வார்டு வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"சத்தியம் பண்ணுனீரே! பெத்தவ கையைப் புடிச்சி சத்தியம் பண்ணுனீரே!"

"ஆமா. பண்ணியிருக்கக் கூடாது."

"எம்புள்ள அதை நம்பித்தான் சோறு திங்கான். அதையும் புடுங்கிட்டா அவனுக்கு என்ன இருக்கு? நீரு சொல்லும்."

கொம்பையா அவளுடைய விரல்கள் தானாகத் தளரும்வரை நின்றார். பிறகு உள்ளே போனார்.

சுடலைமணி சிரித்தான். எப்போதும் சிரிப்பான்.

"வாங்க அண்ணாச்சி. நேத்து ராத்திரி பெருவிரல்ல ஒரு சுளுக்கு மாதிரி இருந்துச்சு. தை மாசத்துக்குள்ள நடந்துருவேம்லா?"

கொம்பையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொன்னார்.

அதே வாக்கியம்தான். ஆனால் இந்த முறை அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

சுடலைமணியின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"சும்மா சொல்லுதீங்க."

"இல்லடே."

"டாக்டரு பார்க்கலாம்னாரே."

"உன் வருத்தத்தைப் பார்க்க முடியாமச் சொன்னாரு. நானும் அப்படித்தான் சொன்னேன்."

தண்ணீர் டம்ளர் பறந்து வந்தது. அவர் தோளில் பட்டு, கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"வெளிய போம்! இனி எம்மூஞ்சில முழிக்காதேயும்!"

கொம்பையா வெளியே வந்தார். பேச்சியம்மாள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எம்புள்ள மொகத்தைக் கெடுத்துட்டீரே," என்றாள்.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லையாம். மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டான். பேச்சியம்மாள் மையத்தின் தலைவரிடம் போய் அழுதாள். தலைவர் எழுத்தில் விளக்கம் கேட்டார். "என் வழிகாட்டுதலில்தான் நடந்தது" என்று ஷாஹிதா ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனநல மருத்துவர் தினமும் ஒருமுறை வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்.

கொம்பையா ஷாஹிதாவிடம் வந்தார். மூன்று நாளில் முகம் கறுத்துப்போயிருந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேனா மேடம்?"

"வழக்கமா அவனை எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?"

"நாலு மணிக்கு. ஆனா வராதேன்னு சொல்லிட்டானே."

"நாலு மணிக்குப் போங்க."

"போயி என்ன சொல்லட்டும்?"

"சொல்லியாச்சே. இன்னும் என்ன சொல்லப் போறீங்க?"

கொம்பையா நாலு மணிக்குப் போனார்.

சுடலைமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு எழுந்து வந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

பேச்சியம்மாள் அவர் வரும்போது வெளியே போய்விடுவாள். அவர் போனபிறகுதான் உள்ளே வருவாள்.

ஒருநாள் அவன் தோள் குலுங்கியது. முதலில் இருமுகிறான் என்றுதான் நினைத்தார். பிறகு தலையணை நனைவது தெரிந்தது. சத்தமே இல்லாத அழுகை. வார்டில் மற்ற ஐந்து கட்டில்களுக்கும் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

எல்லாம் சரியாயிரும் என்ற சொல் கொம்பையாவின் தொண்டைவரைக்கும் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்ன சொல். விழுங்கினார். அவன் முதுகில் தட்டிக்கொடுக்கப் போன கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அவருக்கும் கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

நிமிர்ந்தபோது கதவோரத்தில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் அவனைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பட்டாளத்துக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனாள்.

அன்று அவன் இரண்டு வாய் சாப்பிட்டான் என்று நர்ஸ் சொன்னாள்.

கொம்பையா அதை ஓடிவந்து ஷாஹிதாவிடம் சொன்னார்.

"இனி என்ன மேடம்? திட்டத்தை எடுத்துட்டுப் போகட்டுமா? வீடு, வேலை, நாற்காலிப் பயிற்சி எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கட்டில் இன்னும் ரெண்டு வாரம்தான்."

"அவன் கேட்டானா?"

"இல்லை."

ஷாஹிதா கையை நீட்டினார். கொம்பையா கோப்பைக் கொடுத்தார். அவர் அதைத் திறக்காமலே தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"நாலு மணி ஆகப்போகுது," என்றார்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன ஒன்பதாவது நாள்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வார்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். கொம்பையா வெறுங்கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் செய்தி ஓடி முடிந்தது.

"அண்ணாச்சி."

சுவரைப் பார்த்தபடிதான் கூப்பிட்டான். ஒன்பது நாள் பேசாத தொண்டை கரகரத்தது.

"சொல்லுடே."

சுடலைமணி கட்டில் கம்பியைப் பிடித்து மெல்லத் திரும்பினான். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. வேறு ஒரு ஆளின் முகம் மாதிரி இருந்தது. அவனைவிடப் பத்து வயது கூடின ஆள்.

"எங்க வீட்டு வாசல்ல மூணு படி இருக்கு," என்றான்.

கொம்பையா வாயைத் திறந்தார். அதற்குள் கதவுப் பக்கம் சத்தம் கேட்டது.

பேச்சியம்மாள் காப்பி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். சக்கர நாற்காலிமேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூணு இல்ல யய்யா," என்றாள். "நாலு."