திருந்தாதவன் கதை

"இந்தப் பொஸ்தகத்தை அடுப்புல வெச்சுப்போடலாமுங்க தாயி!"

செம்மலை மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் ஒரு தடித்த நாவல்.

மலையடி மடத்தின் குருவான பூவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். மறுநாள் செம்மலை காவி உடுத்துவதாக இருந்தது. அதற்குமுன் படித்துவிட்டு வரச் சொல்லி அவள் கொடுத்த புத்தகம் அது.

"புடிக்கலீங்களா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேனுங்க. இப்பத் திருந்துவான், இப்பத் திருந்துவான்னு பாத்தா, அந்தப் பாவி திருந்தவே இல்லீங்க!"

"புடிக்கலீன்னா பாதியிலயே மூடி வெக்கறதுதானுங்க?"

"எப்படி மூடறதுங்க? அடுத்து என்ன பண்ணித் தொலைப்பானோன்னு கை தானாப் பக்கத்தைத் தள்ளுதே!"

பூவாத்தாள் சிரித்துவிட்டாள்.

மடத்துச் சமையல்காரர் ராக்கியப்பன் எட்டிப் பார்த்தார்.

"செம்மலையண்ணா, உங்க தங்கச்சி இன்னும் வாசல்லயேதான் நிக்குது. புள்ளை கல்யாணத்துக்குத் தாய்மாமன் நீங்க வந்து நின்னாத்தான் ஆச்சாம். அழைப்புத் தட்டை நான் வாங்கிக்கறேன்னாலும் குடுக்க மாட்டேங்குது. வெத்தலை வாடிப்போச்சு."

"எனக்கு உறவே இல்லைன்னு காலையிலயே சொல்லியாச்சு. போகச் சொல்லு."

"காவி இன்னும் தையக்கடையிலிருந்தே வரலை. அதுக்குள்ள இந்த முறுக்கு!"

முணுமுணுத்தபடி ராக்கியப்பன் போய்விட்டார்.

பூவாத்தாள் செம்மலையிடம் கேட்டாள்.

"கதை எனக்கு மறந்துபோச்சுங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்."

செம்மலைக்கு அது போதுமாக இருந்தது. நின்றபடியே, கையை வீசிச் சொல்ல ஆரம்பித்தார். அரிசி மில் முதலாளி ஒருவன். கூலிக்காரர்களை வைதான். கட்டினவளை அழவைத்தான். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. கண் பளபளத்தது.

"இன்னுங் கேளுங்க தாயி! கூடப் பொறந்த தம்பி வீடு தேடி வாரான். 'அண்ணா'ன்னு வாசல்ல நிக்கறான். இவன் அசையலை. ஆளை விட்டுப் போகச் சொன்னான். தம்பி போகலை. வெயிலானா வெயிலு. அது பாட்டுக்கு நிக்குது. மூஞ்சியெல்லாம் வேர்வை. அப்பவும் நகர மாட்டேங்குது. 'போ'ன்னு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினேன்!"

"சாத்தினானா, சாத்தினேனா?"

வீசிய கை அப்படியே நின்றது.

செம்மலை குருவைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

புத்தகம் தரையில் விழுந்தது. மேல்துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் அவர் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

"செம்மலையண்ணா! கதை பாதியில நிக்குதுங்க!" என்று கூவினாள் பூவாத்தாள்.

ஓட்டத்திலிருந்தே பதில் வந்தது.

"இருங்க தாயி! தட்டை வாங்கீட்டு வாரேன்!"