சங்கிலியில் கிடந்த போர்ச்சாமி

ஒரு காட்டில் ஒரு சாமியைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

ஆமாம் குழந்தைகளே, சாமியைத்தான்! கிரேக்க நாட்டு மலைக்காடு அது. சாமியின் பெயர் ஏரிஸ். போருக்குக் கடவுள். தலையில் கவசம், கையில் ஈட்டி. எப்போதோ மனிதர்கள் விட்டுப் போன வெண்கலச் சிலை. ஆற்றங்கரைப் பாறையின் விளிம்பில், தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தபடி நின்றது. கணுக்காலில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை ஓர் ஒலிவ மரத்தில்.

இக்கரையில் நாய்கள், அக்கரையில் ஓநாய்கள். ஆண்டுதோறும் இரண்டுக்கும் சண்டை. சண்டைக்கு முன்னால் நாய்கள் ஏரிஸுக்கு ஒரு குட்டியைப் பலி கொடுக்கும்.

அந்த ஆண்டு செவலை என்ற நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. பூசாரிக் கழுகு வந்து எட்டிப் பார்த்தது.

"நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதே, அந்தக் குட்டியை நாளை உச்சி வேளைக்குக் கொண்டு வந்துவிடு. சாமி அதைத்தான் கேட்கிறார்."

செவலைக்குத் தலை குழம்பியது. தலைவன் மொட்டைவாலிடம் ஓடியது.

"அண்ணா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமியை எதற்குக் கட்டி வைத்திருக்கிறோம்?"

"அவர் நம்மை விட்டுப் போய்விட்டால்? வெற்றியும் கூடவே போய்விடுமே!"

"போன ஆண்டு வெற்றி நமக்குத்தானா?"

"பின்னே? என் வால் போனது, உன் புருஷன் போனான், பாதிக் கூட்டம் போனது. ஆனால் ஜெயித்தோம்!"

"ஜெயித்தாயிற்றே, இந்த ஆண்டு எதற்குச் சண்டை?"

"தோற்ற ஓநாய்கள் சும்மா இருக்குமா?"

"அதற்கு முந்தைய ஆண்டு?"

"அப்போது அவை ஜெயித்தன. நாம் சும்மா இருப்போமா?"

"அப்போதும் சாமி நம்மிடம்தானே கட்டுண்டு கிடந்தார்?"

மொட்டைவால் காதைச் சொறிந்தது. "அது... கழுகாரைத்தான் கேட்க வேண்டும்."

செவலை போய்க் கேட்டதும் கழுகு சிரித்தது. "சந்தேகப்படாதே, பெண்ணே. யார் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, ஓர் ஆண்டுகூட நான் பட்டினி கிடந்ததில்லை. அவ்வளவு கருணை அவருக்கு!"

செவலைக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. பொட்டுக்குட்டியை நக்கிக்கொண்டே யோசித்தது. ஜெயித்தாலும் சண்டை. தோற்றாலும் சண்டை. சாமி போனால் வெற்றி போய்விடுமாம். சரி, சாமி இருப்பதால் என்ன இருக்கிறது? சண்டைதானே இருக்கிறது?

மறுநாள் உச்சி வேளை. எல்லா நாய்களும் பாறையில் கூடின. பலிக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. குட்டியின் தாய் சங்கிலியைப் பல்லால் இழுத்துப் பார்த்து, "சாமி இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும்.

செவலை குட்டியைக் கீழே விட்டது. சங்கிலியை மெல்ல இழுத்தது. 'கிரீச்' என்றது.

"சாமி இருக்கிறாரா?" என்று கேட்டது கழுகு.

"சரியாகத் தெரியவில்லையே, கழுகாரே. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கட்டுமா?"

"இழு, இழு. சந்தேகம் இருக்கவே கூடாது."

மரத்தடியில் ஒரு வளையம் துருப்பிடித்து நூலாக இளைத்திருந்தது. செவலை அதைக் கவ்வியது. நான்கு காலையும் ஊன்றியது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது.

பட்!

போர்க்கடவுள் ஈட்டியோடு உருண்டுபோய் ஆற்றில் விழுந்தார்.

"ஐயோ, வெற்றி போச்சே! இன்றைக்கே ஓநாய்கள் வந்துவிடும்!" நாய்கள் அலறிப் புதருக்குள் பாய்ந்தன. செவலையும் பொட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி, மூன்று குட்டிகளையும் வயிற்றடியில் இழுத்துக்கொண்டு பதுங்கியது. 'தப்புப் பண்ணிவிட்டேனோ?'

பொழுது சாய்ந்தது. ஓர் ஓநாயும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தாகம் தாங்காமல் நாய்கள் ஆற்றுக்குத் தவழ்ந்து வந்தன.

எதிர்க்கரையில் ஓநாய்களும் நாக்கைத் தொங்கவிட்டுத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தன.

"எங்கள் மேல் ஏவத்தானே உங்கள் சாமியை அவிழ்த்துவிட்டீர்கள்?" என்றது ஓர் ஓநாய். "மூன்று நாளாகக் குகையைவிட்டு வெளியே வரவில்லை!"

"அடப் பாவமே! அவர் உங்களிடம் சேர்ந்துவிட்டார் என்றல்லவா நாங்கள் பதுங்கிக் கிடந்தோம்!" என்றது செவலை.

இரு கூட்டமும் ஆற்றைப் பார்த்தன. நடுவில் சாமியின் தலைக்கவசம் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. அதன்மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

எல்லாம் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தன.

ஒலிவ மரத்தில் காத்திருந்து காத்திருந்து இளைத்த கழுகு, ஐந்தாம் நாள் வேறு காடு தேடிப் பறந்தது.

"அப்படியென்றால் இந்த ஆண்டு யார்தான் ஜெயித்தது?" என்று கேட்டது மொட்டைவால்.

செவலைக்கும் தெரியவில்லை. பொட்டுக்குட்டி ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி நின்று, அந்தத் தவளையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

நீதி: வெற்றி வேண்டும் என்று போரை வாசலில் கட்டி வைத்தால், வெற்றி தங்காது, போர்தான் தங்கும்.