வெறும் வானம்

செண்பகவல்லி ஐம்பத்துமூன்று வயதில் விண்மீன் படிப்பு படிக்க வந்தவள். பிள்ளைகள் இருவரையும் கரையேற்றிய பிறகுதான் அவளுக்கு அந்த வேளை வாய்த்தது. ஆசான் இசக்கிராஜனோ அவள் மூத்த மகனைவிட இரண்டு வயது இளையவர்.

அன்று மாலை நான்கு மணிக்குக் குழு கூடுகிறது. அவள் ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று அது சொல்லிவிடும்.

காலையிலேயே வரைபடத்தோடு ஆசானிடம் வந்து நின்றாள்.

“சார், ஆயிரம் கேலக்ஸி கூடிக் கிடக்கிற கூட்டம் இது. அதுக்குள்ளே எங்கும் வாயு கோடிக்கணக்கான டிகிரியிலே கொதிக்குது. ஆனா நட்டநடுவிலே இருக்கிற பெரிய கேலக்ஸியிலே குளிர்ந்த வாயு இருக்குன்னு கோட்டிலே எழும்பி நிக்கிற இந்த மேடு சொல்லுது. தூசிகூடக் கிடக்கு.”

“சரி.”

“என்ன சரி? கொதிக்கிற உலைக்குள்ளே பனிக்கட்டின்னா யார் நம்புவா? அது எப்படி சார் நிக்கும்?”

ஆசான் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

“கருவிக் கோளாறுன்னு குழுவிலே சிரிப்பாங்க. மேட்டை வெட்டிக் கோட்டை நேராக்கிடட்டுமா?”

“தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளித் திருப்புங்கம்மா.”

“எங்கே?”

“ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு.”

“நல்லா இருக்கு சார்! நேரம் ஓடுற ஓட்டத்திலே வெறும் வானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகுது?”

“பாருங்க.”

அந்தத் தொலைநோக்கி, விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பகலிலும் வாங்கும் பெரிய கிண்ணம். திருப்பினாள். கோடு பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது.

கேலக்ஸிக்குத் திருப்பினாள். மேடு எழுந்தது.

மறுபடி வெறும் வானம். படுத்தது. மறுபடி கேலக்ஸி. எழுந்தது.

“முருகா,” என்றாள். கருவி பழுதென்றால் இரண்டு இடத்திலும் அல்லவா மேடு வரவேண்டும்?

சாப்பாட்டை மறந்தாள். பதினோரு முறை பார்த்தாள்.

நான்கு மணிக்குக் குழுத் தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“பேரப்பிள்ளையைக் கொஞ்சுற வயசிலே கண்டுபிடிப்பா? அவ்வளவு கொதிப்புக்கு நடுவிலே குளிர்ச்சி எப்படியம்மா இருக்கும்?”

செண்பகவல்லி எல்லா வரைபடங்களையும் மேசையில் பரப்பினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எப்படி இருக்குன்னு இன்னும் தெரியலை ஐயா. இருக்கு. அது தெரியும்.”

தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முதலிலிருந்து இன்னொரு தரமும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ‘தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“பதில் பலமா இருக்கே இசக்கிராஜன். நீங்க சொல்லிக் கொடுத்ததா?”

ஆசான் எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இல்லைங்க ஐயா. நான் வெறும் வானத்தைத்தான் காட்டினேன்.”