ஏரி வரியில் வாங்கிய கல்

இன்னும் ஒரு முழம் தண்ணீர் ஏறினால் ஏரிக்கரை உடைந்து ஊரே முங்கிவிடும். கரைக்கென்றே தனியாக வாங்கிய ஏரி வரி எங்கே என்று ராஜா கேட்டார்.

"முழுசும் கல்லா வாங்கியாச்சு, மகாராஜா! இந்த மண் சுமக்கிற காத்தாயி கூட்டந்தான் அடுக்கல," என்றார் அமைச்சர்.

"அந்திக்குள்ள கல்லு கரையில இல்லேன்னா உங்க தலை இருக்காது!" என்று ராஜா அங்கே கூடையோடு நின்ற காத்தாயி கூட்டத்தைப் பார்த்துச் சீறினார்.

காத்தாயி கூடையை இறக்கிவைத்தாள். "எங்க இருந்தாலும் எடுத்துக்கலாமா, மகாராஜா?"

"எடு!"

அவள் நேரே போய், அமைச்சர் புதிதாகக் கட்டிய மாளிகையின் மதிலில் கடப்பாரையைப் போட்டாள். அமைச்சர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே ராஜாவும் வந்தார்.

"அடியே, அது என் வீட்டுக் கல்லு!"

"அப்படியா சாமி? அப்ப ஏரிக் கல்லைக் காட்டுங்க, இதை விட்டுடறோம்."

அமைச்சர் மெல்ல நழுவப் பார்த்தார். ராஜா ஒரு கல்லைத் தூக்கி அவர் தலையில் ஏற்றி, "கரைக்கு முதல் ஆளா நட," என்றார்.